வெள்ளைத் திரையும் முப்பது சொட்டு நீலமும்

1

போன வாரம் ஏழாவது தடவையாக அந்தத் திரைக்கு வெள்ளை அடித்து முடித்தேன். ஏணியிலிருந்து இறங்கும்போது முட்டி இரண்டும் சத்தம் போட்டன. கீழே நின்றிருந்த மேனேஜர் கிரெக், "சவரி, அடுத்த தடவைக்கு வேறு ஆளைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். இந்த மலையில் அந்தத் திரையைத் தொடுகிற தகுதி என் ஒருவனுக்குத்தான் உண்டு என்றேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அச்சரப்பாக்கம் பக்கம் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வது இங்கே ஆஸ்திரேலியா வரைக்கும் வந்து சேருகிறது. சவரிமுத்து நட்சத்திர ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று பாதிப் பேர். அங்கே கக்கூஸ் கழுவுகிறான் என்று மீதிப் பேர். இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். கூட்டுவேன், கழுவுவேன், கதவுக்கு எண்ணெய் போடுவேன், பெயின்ட் அடிப்பேன். ஆனால் பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் தொலைநோக்கியைப் பார்க்க வந்தால் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத கூலிக்காரன் மகன், ஐந்தாவது வகுப்பைத் தாண்டாதவன், இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

இருந்தாலும் இந்தக் குறிப்புகளைப் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2

வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று என்னைக் கேளுங்கள். கருங்குழியில் ஆரம்பித்து, செங்கல்பட்டில் கை தேறி, கடைசியில் மாமல்லபுரம் கடற்கரை லாட்ஜுகளுக்கு வந்து சேர்ந்தவன் நான். உப்புக்காற்று ஆறே மாதத்தில் எந்தச் சுவரையும் பழுப்பாக்கிவிடும். லாட்ஜுக்காரனுக்கோ வெள்ளைக்காரன் வந்து இறங்கும்போது சுவர் அலை நுரை மாதிரி இருக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது. நீலம் போட வேண்டும். சொட்டு குறைந்தால் சுவர் சோகை பிடித்த மாதிரி நிற்கும். கூடினால் சலவையில் கெட்டுப்போன வேட்டி மாதிரி ஆகிவிடும். அளவு என் கண்ணில் இருந்தது.

கல்பாக்கம் குடியிருப்புகளிலும் அடித்திருக்கிறேன். அங்கே தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த உத்தியோகக் குடும்பங்கள். ஒரு திருநெல்வேலி அம்மா படியில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, அடுத்த வீட்டுக்குப் போட்ட அதே வெள்ளைதான் எங்களுக்கும் வேணும், பாத்துக்கிடுங்க" என்பார். கான்ட்ராக்டர் முனுசாமி என் தோளில் தட்டி, "இன்னா மச்சான், உன் கண்ணுல மீட்டரு கீதா?" என்று கேட்பான். "மீட்டரு ஏமாத்தும்டா, என் கண்ணு ஏமாத்தாது" என்பேன்.

இப்போது நாவலூர் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன, வெள்ளை அடிக்கச் சுவரே இல்லை என்று முனுசாமி போனில் சொல்கிறான். நல்ல சமயத்தில் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

3

கிளம்பியதற்குக் காரணம் என் மனைவி ரோசி. செங்கல்பட்டில் நர்ஸாக இருந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்ச்சலும் கோதுமை வயலுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விசா அவள் பெயரில் வந்தது. தைரியம் என்னுடையது என்று நான் சொல்வேன். அவள் மறுத்துப் பேச மாட்டாள், சிரிப்பாள்.

படிவம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்டு என் தொழிலைக் கேட்டான். வெள்ளை அடிக்கிறவன் என்றேன். அப்படி எழுதினால் மரியாதை இருக்காது என்று 'டெக்கரேட்டர்' என்று எழுதிவிட்டான். சிட்னியில் இறங்கியதும் ஓர் அதிகாரி, கல்யாண மண்டபம் ஜோடிப்பீர்களா, பூ வேலையா என்று கேட்டார். எதைக் கேட்டாலும் "எஸ்" என்று சொல்லும்படி ஏஜென்டு சொல்லியிருந்தான். சொன்னேன். இன்றைக்கும் ஏதோ ஓர் அரசாங்க அலமாரியில் நான் பூ ஜோடிக்கிறவனாக இருப்பேன்.

பெட்டியில் ரோசி தன் வெள்ளை யூனிஃபார்முக்காக மூன்று பாட்டில் சொட்டு நீலம் எடுத்து வந்தாள். எட்டு வயது மகள் ஜான்சி ஒரு பொம்மை எடுத்து வந்தாள். பொம்மை ஒரு வருடத்தில் குப்பைக்குப் போனது. அதற்கடுத்த வருடம் 'நைனா' போய் 'டாட்' வந்தது. கடைக்குப் போனால் என்னோடு நடக்காமல் நான்கு அடி பின்னால் வருவாள். "தமிழ்ல கத்தாத டாட், எல்லாரும் பாக்குறாங்க" என்பாள். நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு என்பது அவ்வளவுதான்.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை. மலையில் உருண்டைக் கூரை போட்ட கட்டடம். டோம் என்பார்கள். உள்ளே தொலைநோக்கி. வந்த மறு வருடம் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு அங்கே ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை. அவர்கள் தூங்கும்போது நான் இடத்தைத் தயார் செய்து வைப்பேன்.

4

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், மார்ச் மாதம், கிரெக் என்னை டோமுக்குள் கூட்டிப் போனான். உள்சுவரில் என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் வட்டமாக ஒரு பலகை. அதுதான் நான் சொன்ன திரை. வெள்ளை மங்கி, உரிந்திருந்தது. தூரத்திலிருந்து வரவழைத்த இரண்டு டின் பெயின்டைக் கொடுத்தான். "வேறு எந்தப் பெயின்டும் இதோடு கலக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான். திரை எதற்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளக்கைச் சோதித்துப் பார்க்க இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் டின்னை இடது பாதிக்கு அடித்தேன். காய்ந்து பார்த்தால் மந்தமாக இருந்தது. வெள்ளைதான், ஆனால் உயிர் இல்லை. என் கையால் அடித்த சுவர் இப்படி நிற்பதா? மறுநாள் ரோசியின் பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் டின்னில் எண்ணி முப்பது சொட்டு. நன்றாகக் கலக்கி வலது பாதிக்கு அடித்தேன். சுவர் சிரித்தது.

கிரெக் சொன்னதை மீறுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வேறு பெயின்டு கூடாது என்றான். நீலம் பெயின்டு இல்லையே. சோற்றில் உப்புப் போடுவதை யாராவது கலப்படம் என்று சொல்வார்களா? வெள்ளை அடிக்கிறவனுக்கு நீலம் அப்படித்தான்.

இடது பாதி முழுவதற்கும் நீலம் போட்டு மறுபடி அடிக்கிற அளவுக்குப் பெயின்டு மிச்சமில்லை. அதனால் இரண்டும் சேருகிற நடுப்பகுதியில் மட்டும் இரண்டு டின் பெயின்டையும் மறுபடி கொஞ்சம் பூசி, அகலமான பிரஷ்ஷால் ஈரத்தோடு ஈரமாக இழைத்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அப்படி இழைக்க மாமல்லபுரத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை. கிரெக் வந்து பார்த்துவிட்டு, அருமை என்று தோளில் தட்டினான். கோடு தெரிகிற மாதிரி மட்டமாக அடித்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். என் கைநேர்த்திதான் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

5

ஹெலன் என்று ஒரு பெண். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாதத்தில் பத்து நாள் மலைக்கு வருவாள். விடியும் வரை வேலை செய்து, தூங்கி, மதியம் மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். அது என் டீ நேரம். இஞ்சி தட்டிப் போட்ட என் டீக்கு அவள் அடிமை.

அவளால்தான் எனக்கு வானம் கொஞ்சம் தெரியும். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம் ஒரு கேலக்சி. பெரும்பாலானவை தம் பாட்டுக்குக் கிடக்கும். சிலதின் நடுமையத்தில் மட்டும் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, கிட்டே வருவதையெல்லாம் விழுங்கும். விழுங்கப்படுகிற சரக்கு சூடேறி ஜொலிக்கும். தீனி கூடினால் வெளிச்சம் ஏறும், குறைந்தால் இறங்கும். அப்படிச் சும்மா இருக்காத கேலக்சி ஒன்றைத்தான் ஹெலன் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கண்ணாடி வழியாக ஒரு தடவை, சிவப்புக் கண்ணாடி வழியாக ஒரு தடவை வெளிச்சத்தை அளப்பாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் நிறம்.

"நிறத்துக்கு நம்பரா? கண்ணால் பார்த்தால் தெரியாதா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சண்டை போட்டேன். கம்ப்யூட்டரில் கேலக்சியைக் காட்டினாள். சாம்பல் துணுக்கு மாதிரி இருந்தது. அதற்கு என் கண்ணால் ஒரு நிறமும் சொல்ல முடியவில்லை.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீக்கு வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. மார்ச்சிலிருந்து அவள் கேலக்சி சிவந்துவிட்டதாம். எடுத்த படத்திலெல்லாம் அப்படியே வருகிறதாம். இப்படி ஒன்று சிவந்ததை யாரும் பார்த்ததில்லையாம். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறி, பெரிய விஞ்ஞானிகள் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லப் போகிறாளாம். அவள் படிப்பு, அதற்கப்புறம் வேலை எல்லாமே இதை வைத்துத்தான்.

நான் பெரிய மனுஷன் மாதிரி, "கண்ணாடியில் தூசி இருந்தால்?" என்று கேட்டேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். கேமராவின் ஒரு மூலை கொஞ்சம் மங்கலாக வாங்கும், ஒரு மூலை கூடுதலாக வாங்கும். அதனால் தினமும் மதியம் விளக்கைப் போட்டு வெள்ளைத் திரையைப் படம் எடுப்பார்கள். திரை எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. அதன் படத்தில் எங்கே குறைகிறதோ அது கேமராவின் குறை. கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிவிடும்.

"திரையா? நான் அடித்த திரையா?"

"அதேதான். அதுதான் எங்கள் தராசு, சவரி."

டீ கையிலேயே ஆறிப்போனது. அவள் போன பிறகு டோமுக்குள் போய்த் திரையின் முன்னால் நின்றேன். இழைத்த இடம் என் கண்ணுக்கே தெரியவில்லை.

6

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். ரோசிக்குக் கோபம் வந்தால்தான் 'யோவ்' வரும்.

"யோவ், உனக்கு இன்னா கேடு? யாராச்சும் உன்ன கேட்டாங்களா? நிரந்தரமா இருக்கறதுக்கு எழுதிப்போட்ட பேப்பரு இன்னும் வர்ல. வேல போச்சுன்னா அவங்க இன்னா சொல்வாங்களோ!"

"அந்தப் பொண்ணு நாளைக்கழிச்சு போய் தப்பா சொல்லிட்டு வந்துரும் ரோசி."

"சொல்லட்டுமே. எங்கியோ கீற கேலக்சி. செவப்பா இருந்தா இன்னா, பச்சையா இருந்தா இன்னா?"

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான்சி நிமிர்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. "மம்மி, அப்புறம் வேற யாராவது அதே கேலக்சிய மெஷர் பண்ணுவாங்க. அது செவப்பா இருக்காது. அப்ப ஹெலன் பொய் சொன்னான்னு ஆயிடும்."

"உன்ன யாரு கேட்டா? துன்னு."

"சரி, நான் பேசல. ஆனா டாட் தனியா போய் இங்கிலீஷ்ல சொன்னா, சுவத்துல ஏதோ விஷம் கலந்துட்டாருன்னு போலீஸ கூப்புடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரோசிக்கு வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு ஈரக்கையோடு வந்து, பாதி காலியான நீல பாட்டிலை என் முன்னால் வைத்தாள்.

"எட்த்துனு போ. இன்னாத்த போட்டன்னு அந்தப் பொண்ணுக்குக் காட்டணும்ல." ஜான்சியைப் பார்த்து, "நீயும் கூட போ" என்றாள்.

அவள் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். ரோசிக்கு அதற்காக இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

7

சனிக்கிழமை மதியம் ஹெலன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் டோமுக்குள் போனோம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசினேன். மாமல்லபுரத்தில் நான் அடிக்காத லாட்ஜ் இல்லை, நீலம் போடாத வெள்ளை எங்கள் பக்கம் வெள்ளையே இல்லை, நீங்கள் கொடுத்த பெயின்டு மட்டம், உங்கள் விளக்கு மஞ்சள், திரை எதற்கென்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. இப்படிப் பத்து நிமிடம். ஜான்சி அதை ஒரே நிமிடத்தில் இங்கிலீஷில் முடித்துவிட்டாள். இங்கிலீஷ் சிக்கனமான பாஷை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெலன் இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, எந்தப் பக்கம், எத்தனை சொட்டு என்று கேட்டாள். "வலது பக்கம். முப்பது" என்றேன். நடுவில் இழைத்த அகலத்தைக் கையால் காட்டினேன். டச்சப்புக்காக இரண்டு டின்னிலும் அடியில் கொஞ்சம் தேக்கி வைப்பது என் பழக்கம். அதை எடுத்து இரண்டு பலகையில் அடித்து, விளக்கு முன் நிறுத்தினேன். அவள் நீலக் கண்ணாடியிலும் சிவப்புக் கண்ணாடியிலும் படம் எடுத்துக் கணக்குப் போட்டாள். இரண்டு மணி நேரம் ஆனது.

அவள் கேலக்சி எப்போதும் படத்தில் நான் நீலம் போட்ட பக்கம் விழும். அதோடு ஒப்பிடுகிற நட்சத்திரம் மறு பக்கம். நீலம் போட்ட பாதி, சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கேமராவின் குறை என்று நினைத்து, அந்தப் பக்கம் சிவப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறது. நான் நீலம் போட்டதால் ஒரு கேலக்சி சிவந்திருக்கிறது.

ஹெலன் கம்ப்யூட்டரை மூடினாள். என்னைப் பார்த்து, "தேங்க் யூ, சவரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். அந்தப் பலகைக் கணக்கை வைத்து நான்கு மாதப் படத்தையும் திருத்தி, கேலக்சி சிவக்கவில்லை, வெளிச்சம் ஏறி இறங்கியும் அதன் நிறம் அப்படியே நிற்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய கைதட்டல் ஒன்றும் கிடைக்கவில்லையாம். ஆனால் அவள் சொன்னதை யாரும் பிற்பாடு தப்பென்று சொல்லவில்லை. பட்டமும் வாங்கிவிட்டாள். எங்கள் பேப்பரும் மறு வருடம் வந்தது.

8

சனிக்கிழமை மலையிறங்கும்போது நான் உற்சாகமாகக் கார் ஓட்டினேன். "பாத்தியா, தேங்ஸ் சொன்னா. நம்ம தொழிலோட நுணுக்கத்த கேட்டு அசந்துட்டா."

"அதுக்கு இல்ல டாட். நீ சாரி சொன்னதுக்கு."

"நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் சொன்னேன். எங்க அப்பா தப்பு பண்ணிட்டாரு, ரொம்ப சாரின்னு."

காரை ஓரம் கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் வாழ்க்கையில் யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. பண்ணைக்காரர்கள் முன்னால் என் அப்பா கையைக் கட்டிக் கேட்டதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். எனக்கு அது வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவன்.

"உன்ன யாரு அப்டி சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ லாட்ஜ் கத சொல்லிகினே இருந்த. ஹெலன் அழுதுகினு இருந்தா. நீ பாக்கவே இல்ல."

உண்மைதான். நான் திரையைத்தான் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது, நம்மைவிட்டுப் போய்விட்டார்கள் என்று இங்கே இருக்கிற நாமெல்லாம் கூடும்போது புலம்புவோம். நானும் புலம்பியவன்தான். ஆனால் என் பத்து நிமிடப் பேச்சில் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தப் பதினொரு வயதுக்குத் தெரிந்திருந்தது. அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் தெரிந்திருந்தது. இப்போது மெல்பர்னில் இருக்கிறாள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறாள். எனக்கு அது போதும்.

அன்றைக்கு அந்தக் காரை மறுபடி கிளப்பும்போது, "திங்கக்கெழம கிரெக்கு கிட்டயும் சொல்லணுமே, நீ வர்றியா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஸ்கூல் இருக்கு. நீயே சொல்லு. ஐ ஆம் சாரி. மூணே வார்த்த. சொல்லிட்டு வாய மூடிக்கோ."

"மூடிக்கறதா?"

"ஆமா. பெயின்ட் மட்டம், லைட் மட்டம், ஒண்ணும் வேணாம். அவர் பேசற வரைக்கும் நீ பேசக் கூடாது. உனக்கு அதான் கஷ்டம்."

திங்கட்கிழமை காலையில் கிரெக்கின் அறைக் கதவைத் தட்டினேன். ஹெலன் போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன். அவன் காபியைக் கலக்கிக்கொண்டே காத்திருந்தான். அடுத்து நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும், என்னோடு இரண்டு வருடம் பழகியவன். மாமல்லபுரம் லாட்ஜுகள் எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினேன். ஜன்னலில் ஒரு ஈ சுற்றியது. அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான், என்னைப் பார்த்தான், இன்னும் காத்திருந்தான். நான் பேசவில்லை.

"சரி," என்றான் கடைசியில். "திரையை எப்போது சுரண்ட ஆரம்பிக்கிறாய்?"

"இப்போதே" என்றேன்.